சி.எஸ். சாரைத் தேடிப் போனவள்

எங்கள் சந்தில் அவளுக்கு முடிச்சுக்காரி என்று பெயர். அட்டைப்பெட்டிக் கம்பெனியில் கட்டு கட்டுகிற வேலை. மடித்த பெட்டிகளை இருபத்தைந்து இருபத்தைந்தாக அடுக்கி, சணல் கயிற்றைக் குறுக்கும் நெடுக்குமாக ஓட்டி, ஒரு முடிச்சைப் போட்டுத் தள்ளிவிட வேண்டும். மற்றவர்கள் போட்ட கட்டு லாரியில் ஏறும்போதே இளகும். இவள் கட்டை இறங்குகிற இடத்தில் கத்தி வைத்துத்தான் அறுக்க வேண்டும் என்று லோடுமேன்கள் சொல்வார்கள். அதில் ஒரு லோடுமேன் அந்த முடிச்சைப் பார்த்தே மயங்கி அவளைக் கல்யாணம் செய்துகொண்டான். ஆள் பார்க்க லட்சணம். அதற்கு மேல் அவனைப் பற்றிச் சொல்ல ஒன்றும் இல்லை.

நான் அதே கம்பெனியின் கேன்டீனில் முப்பது வருஷம் பாத்திரம் தேய்த்தவள். என் வீட்டுக்காரர் போய்ச் சேர்ந்து பதினெட்டு வருஷம் ஆகிறது. அவர் இருந்தபோதும் வீட்டில் என் குரல்தான் கேட்கும், போன பிறகும் என் குரல்தான் கேட்கிறது, பெரிய வித்தியாசம் இல்லை. எனக்கு வாய் நீளம் என்று சந்தில் எல்லோருக்கும் தெரியும். அந்த வாய் தன் வழக்கத்தை விட்டது ஒரே ஒரு நாள்தான்.

எங்கள் சந்து கம்பெனியின் பின்சுவரை ஒட்டி இருக்கிறது. இரண்டு பக்கமும் ஒற்றை அறை வீடுகள். நடுவில் சாக்கடை. காலை எட்டு மணிக்குச் சங்கு ஊதினால் பெண்கள் எல்லாம் உள்ளே, மாலை ஐந்தரைக்கு ஊதினால் வெளியே. நடக்கத் தெரிந்து புத்தி வராத குழந்தைகளை என்ன செய்வது? இடுப்பில் ஒரு பழைய துணியைச் சுற்றி, மறுமுனையைக் கட்டில் காலில் கட்டிவிட்டுப் போவார்கள். பக்கத்தில் தண்ணீர், கொஞ்சம் சோறு, ஒரு கரண்டி, ஒரு டப்பா. நாள் முழுவதும் சந்தில் டப்பா சத்தம் கேட்கும். சத்தம் கேட்டால் குழந்தை நன்றாக இருக்கிறது என்று அர்த்தம்.

முடிச்சுக்காரிக்கும் ஒரு பெண் குழந்தை. இரண்டு வயதாக நாலு நாள் இருந்தது. அன்று எனக்குக் காய்ச்சல், வேலைக்குப் போகவில்லை. எதிர்வீட்டு டப்பா சத்தம் நின்றுபோனது. தூங்குகிறது என்று நினைத்தேன். பிறகு ஏதோ மனசு கேட்காமல் போய்ப் பார்த்தால், குழந்தை கட்டில் காலைச் சுற்றிச் சுற்றி வந்திருக்கிறது, துணி மேலே ஏறி கழுத்தோடு இறுகிக் கிடக்கிறது. முடிச்சை அவிழ்க்கப் பார்த்தேன். நகம் பெயர்ந்ததுதான் மிச்சம். அது அவள் போட்ட முடிச்சு. ஓடிப்போய்க் கத்தி எடுத்து வந்து அறுத்தேன். அதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது.

அதன் பிறகு அவள் கயிற்றைத் தொடவில்லை. கம்பெனி வாசலையும் மிதிக்கவில்லை. லட்சணமான லோடுமேன் ஆறு மாதம் பேசாமல் இருந்தான், ஏழாவது மாதம் ஆளையே காணவில்லை. அவள் நாலு வீட்டில் துணி துவைத்துத் தன் வயிற்றைக் கழுவிக்கொண்டாள்.

குழந்தை செத்த விஷயம் யார் யார் காதுக்கோ போயிற்று. அடுத்த வருஷம் கம்பெனிக்காரர்கள் சந்தின் முனையில், என் வாசலிலிருந்து பார்த்தால் தெரிகிற ஒரு வீட்டை வாடகைக்குப் பிடித்து, சுண்ணாம்பு அடித்து, சுவரில் யானையும் முயலும் வரைந்து, குழந்தைகள் காப்பகம் என்று பலகை மாட்டினார்கள். திறப்பு விழாவில் மேனேஜர் பேசினார். கழுத்தில் டை. பேசும்போது அது ஒரு பக்கம் போனது, அவர் ஒரு பக்கம் போனார். கடைசியில் சொன்னார்: "இது நான் செய்யறதில்லை, கம்பெனி முதலாளி செய்யறதும் இல்லை. முழுக்க முழுக்க சி.எஸ்.ஆர். செய்யறது. நன்றி சொல்லணும்னா சி.எஸ்.ஆருக்குச் சொல்லுங்க."

ஒலிபெருக்கி கரகரத்தது. எங்கள் காதில் விழுந்தது சி.எஸ். சார் என்றுதான்.

"யாருக்கா அந்த சி.எஸ். சார்?" என்று முடிச்சுக்காரி என்னைக் கேட்டாள்.

"யாரோ பெரிய மனுஷன். செஞ்சதைச் சொல்லிக்கக்கூட முன்னால வரலை பாரு. நம்ம வீட்டு ஆம்பளைங்க ஒரு ஃபேன் வாங்கி மாட்டினா, அது சுத்தற வரைக்கும் சொல்லிக் காட்டுவானுங்க."

அவள் சிரித்தாள். குழந்தை போன பிறகு அவள் சிரித்து நான் பார்த்தது அன்றுதான்.

காப்பகத்துக்கு ஓர் ஆயா வேண்டும் என்றார்கள். இவள் போய் நின்றாள். மேனேஜர் தயங்கினார். அவர் காதில் யாரோ விஷயத்தை ஓதியிருந்தார்கள். நான் நேராக அவர் முன்னால் போய் நின்றேன்.

"என்ன யோசிக்கிறீங்க சார்?"

"இல்லம்மா, அவங்க குழந்தைக்கே..."

"அதனாலதான் சொல்றேன். மத்தவ ஒருத்தியை வெச்சீங்கன்னா மத்தியானம் குழந்தைங்களோட சேர்ந்து அவளும் தூங்குவா. இவ கண்ணை மூட மாட்டா. இவளை வைங்க."

வைத்தார்கள்.

அதற்குள் கேன்டீன் வேலையை விட்டு வீட்டோடு இருந்துவிட்டதால், ஐந்து வருஷம் அவள் அந்த இடத்தை நடத்திய விதத்தை நான் எதிரில் உட்கார்ந்து பார்த்தவள். இருபத்திரண்டு குழந்தைகள். உள்ளே எங்கேயும் ஒரு முடிச்சு இருக்காது. தொட்டில் கட்டமாட்டாள், பாயில்தான் படுக்க வேண்டும். நாடா வைத்த கால்சட்டை போட்டு வந்தால் அதை உருவி எறிந்துவிட்டு எலாஸ்டிக் கோத்துத் தருவாள். பெண் குழந்தைகளுக்கு ரிப்பன் கிடையாது, கிளிப்தான். நின்று நின்று தலைகளைத் தொட்டு எண்ணுவாள். சோறு ஊட்டும்போது ஒரு தடவை, கை கழுவும்போது ஒரு தடவை, தூங்கும்போது நாலு தடவை. ஒரு தலை குறைந்தால் அவள் முகம் போகிற போக்கைப் பார்க்க முடியாது. கதவுக்குப் பின்னால் ஒளிந்த வாலு ஒன்று சிரித்துக்கொண்டு வரும். அதைத் திட்ட மாட்டாள். தூக்கி வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் அப்படியே நிற்பாள்.

குழந்தைகள் அவளை ஆயாம்மா என்றார்கள். தாய்மாரும் அதையே பிடித்துக்கொண்டார்கள். முடிச்சுக்காரி என்ற பெயர் அவள் காதில் விழாதபடி எங்கள் வாய்க்குள்ளேயே நின்றுவிட்டது. சந்தில் டப்பா சத்தம் நின்றது. குழந்தை நினைப்பில் தலை குனிந்தே வேலை செய்த பெண்கள் நிமிர்ந்து வேலை செய்தார்கள். இரண்டு பெண்கள் சூப்பர்வைசர் ஆனார்கள். காப்பகத்தில் அ, ஆ படித்துவிட்டுப் போன குழந்தைகள் பள்ளிக்கூடத்தில் அழாமல் உட்கார்ந்தன. நல்லதை நல்லது என்றுதான் சொல்லவேண்டும். கம்பெனிக்காரன் செய்தான் என்பதற்காக நான் இல்லையென்று சொல்ல மாட்டேன்.

ஆனால் குறை இல்லாமல் இல்லை. இரண்டாவது ஆயா வருவாள் என்றார்கள், ஐந்து வருஷமும் வந்துகொண்டே இருந்தாள். குளியலறைத் தாழ்ப்பாள் உடைந்து, ஒரு செங்கல்லை முட்டுக்கொடுத்து வைத்திருந்தாள். பால் வண்டி வாரத்தில் இரண்டு நாள் பாதிதான் இறக்கும், அதில் தண்ணீர் கலக்காமல் தன் பங்கை ஊற்றிவிடுவாள். மழை வந்தால் யானைப் படத்துக்கு மேலே ஒழுகும். யானை அழுகிறது என்று குழந்தைகள் சொல்லும். அடியில் ஒரு வாளி.

"போய்ச் சொல்லித் தொலையேண்டி," என்பேன்.

"யார்கிட்டக்கா சொல்றது? மேனேஜர் சி.எஸ். சார்கிட்டச் சொல்வாரு. முகம் தெரியாத மனுஷன் இவ்வளவு செய்யறாரு, அவர்கிட்டப் போய் தாழ்ப்பாள் இல்லை, கொக்கி இல்லைன்னா நல்லாவா இருக்கு?"

வருஷத்துக்கு ஒரு தடவை கம்பெனியிலிருந்து ஒரு சின்னப் பெண் வரும். கையில் பலகை மாதிரி ஒரு போன். கேள்வி கேட்டு அதில் தட்டிக்கொள்ளும். நல்ல பெண். செருப்பை வெளியே கழற்றிவிட்டு வரும், குழந்தை மூக்கு ஒழுகினால் தன் கைக்குட்டையால் துடைக்கும். அந்தப் பெண் வருகிற நாளில் ஆயாம்மா விடியும் முன்பே தரையைத் தேய்த்துவிடுவாள். ஐந்தாவது வருஷம் அது வருகிற காலையில் நல்ல மழை. இவள் நனைந்துகொண்டு என் வீட்டு வாசலுக்கு வந்தாள்.

"அக்கா, இன்னைக்கு ஒரு நாள் வாயைத் திறக்காதீங்க."

"திறந்தா என்ன, காக்கா உள்ளே போயிடுமா?"

"விளையாடாதீங்க. ஒழுகுது, உடைஞ்சிருக்குன்னு நீங்க ஆரம்பிச்சா அந்தப் பொண்ணு எழுதிட்டுப் போயிடும். சி.எஸ். சார் படிப்பாரு. இவ்வளவு செஞ்சும் குறை சொல்றாங்களேன்னு மனசு விட்டுப்போய் நிறுத்திட்டாருன்னா? மறுபடி எல்லாரும் கட்டிலைத் தேடுவாங்க."

கடைசி வார்த்தையைச் சொல்லும்போது அவள் என் முகத்தைப் பார்க்கவில்லை. சரி என்றேன்.

அந்தப் பெண் வந்தது. தாய்மார் நாலைந்து பேர் வேலைக்குப் போகிற வழியில் நின்றிருந்தார்கள். ஆயாம்மா எல்லோருக்கும் சொல்லி வைத்திருந்தாள்.

"பால் ஒழுங்கா வருதா?"

"வருது."

"இடம் வசதியா இருக்கா?"

"சொந்த வீடு மாதிரி இருக்கு."

உள்ளே டொக், டொக் என்று சத்தம். அந்தப் பெண் எட்டிப் பார்த்தது. "அது என்ன வாளி ஆயாம்மா?"

"குழந்தைங்க கை கழுவறதுக்கும்மா."

மேலேயிருந்து ஒரு சொட்டு அந்தப் பெண்ணின் கண்ணெதிரே விழுந்திருக்க வேண்டும். விழவில்லை. யானை அந்த நேரம் பார்த்து அழுகையை நிறுத்தியிருந்தது.

பிறகு அந்தப் பெண் என் பக்கம் திரும்பியது. "பாட்டி, நீங்க எதிர்ல இருக்கீங்க, தினமும் பாக்கறீங்க. இன்னும் ஏதாவது வேணுமா இவங்களுக்கு? எதுவா இருந்தாலும் சொல்லுங்க."

எனக்கு நாக்கின் நுனியில் இரண்டாவது ஆயா இருந்தாள், தாழ்ப்பாள் இருந்தது, பால் இருந்தது, யானை இருந்தது. ஆயாம்மா ஒரு குழந்தையின் தலையில் கை வைத்தபடி என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஒரு குறையும் இல்லைம்மா," என்றேன்.

அந்தப் பெண்ணின் முகம் மலர்ந்தது. ஏதோ தட்டிக்கொண்டது.

இரண்டு மாதம் கழித்து ஒப்படைப்பு விழா என்றார்கள். என்ன ஒப்படைப்பு என்று எங்களுக்குத் தெரியாது. விழா என்றால் நல்லதுதானே. சந்தின் முனையில் கூடாரம் போட்டார்கள். குழந்தைகளுக்குப் புதுச் சட்டை, தாய்மாருக்கு அரை நாள் லீவு. மேனேஜர் அதே டையில் வந்தார். பேசினார், பேசினார். முடிவில் குரலை உயர்த்தி, "இன்று முதல் இந்தக் காப்பகம் கம்பெனியுடையது இல்லை. உங்களுடையது!" என்றார்.

நாங்கள் கை தட்டினோம். நானும் தட்டினேன், உள்ளங்கை எரிகிற வரைக்கும். எங்களுடையது என்று ஒருத்தர் சொன்னால் யார்தான் தட்டமாட்டார்கள்? ஐந்து தாய்மாரைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டு, நீங்கள்தான் இனி குழு என்று சொல்லி, ஒரு தாளில் கையெழுத்தும் கைநாட்டும் வாங்கினார்கள். பிறகு இரண்டு பேர் ஒரு சாவியைத் தூக்கி வந்தார்கள். ஆள் உயரம். எங்கள் கம்பெனி அட்டையிலேயே வெட்டி, தங்க நிறத் தாள் ஒட்டிய சாவி. ஆயாம்மா கையில் கொடுத்துப் படம் பிடித்தார்கள். அவள் கண்ணில் தண்ணீர்.

"சி.எஸ். சார் வரலைங்களா சார்?" என்று மேனேஜரிடம் கேட்டாள்.

அவர் அதை நகைச்சுவை என்று நினைத்துச் சிரித்தார். பக்கத்தில் இருந்தவர்களும் சிரித்தார்கள். இவளும் சேர்ந்து சிரித்தாள்.

அடுத்த மாதம் முதல் தேதி பால் வண்டி வரவில்லை. காலை முழுவதும் அவள் வாசலில் நின்றாள். டிரைவர் தூங்கிவிட்டான் போல என்றாள். மறுநாளும் வரவில்லை. சூப்பர்வைசராக இருந்த ஒரு தாயை விட்டு உள்ளே கேட்கச் சொன்னாள். சாயங்காலம் அந்தத் தாய் தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு வந்தாள்.

"ஒப்படைச்சாச்சாம் ஆயாம்மா. இனிமே எல்லாம் நாமதானாம். பால், வாடகை, உங்க சம்பளம், எல்லாம்."

"நாமன்னா யாரு?"

"குழு. நான்தான். நான், அந்தச் சிவப்பு வீட்டு அக்கா, இன்னும் மூணு பேர்."

"நீங்க எங்கேருந்து கொடுப்பீங்க?"

"அதைத்தான் நானும் கேட்டேன். தன் காலில் நிக்கணும்னு சொல்றாங்க."

தாய்மார் தங்களால் முடிந்ததைப் போட்டார்கள். இரண்டு மாதம் ஓடியது. பிறகு வாடகை பாக்கி என்று காப்பக வீட்டின் சொந்தக்காரர் வந்து பூட்டைக் காட்டிவிட்டுப் போனார். கெட்டவர் இல்லை, அவருக்கும் வயிறு இருக்கிறது.

அன்று ஆயாம்மா எனக்கு முன்னால் சம்மணம் போட்டு உட்கார்ந்து சொன்னாள்: "அக்கா, நான் சி.எஸ். சாரை நேர்ல பாக்கப் போறேன். இவங்கெல்லாம் நடுவுல இருக்கறவங்க. அவருக்கு விஷயம் தெரியாது. தெரிஞ்சா விடமாட்டாரு. நீங்களும் வாங்க. இப்ப எவ்வளவு வேணும்னாலும் வாயைத் திறங்க."

கிளம்பும்போது பார்த்தால் அட்டைச் சாவியைத் தலையில் வைத்துக்கொண்டு நிற்கிறாள்.

"இது எதுக்குடி?"

"திருப்பிக் கொடுத்துடலாம். ஒப்படைச்சதை நாங்க வாங்கிக்கலைன்னு ஆயிடும் இல்ல?"

எனக்கு அதில் ஒரு தப்பும் தெரியவில்லை. அவள் சாவியின் வளையத்தைப் பிடித்தாள், நான் அதன் பல்லைப் பிடித்தேன். இரண்டு பேரும் கம்பெனியின் முன்வாசலுக்குச் சுற்றிக்கொண்டு போனோம். முப்பது வருஷம் நான் பின்வாசல் வழியாகப் போய் வந்தவள், முன்வாசல் எப்படி இருக்கும் என்று அன்றுதான் பார்த்தேன்.

வாட்ச்மேன் எழுந்து நின்றான். "என்னம்மா, எந்த வீட்டுப் பூட்டை உடைக்கப் போறீங்க?"

"சி.எஸ். சாரைப் பாக்கணும்," என்றாள்.

"அப்படி யாரும் இங்கே இல்லையே."

"நீ புதுசா?" என்று கேட்டேன். "சோறு போடறவன் பேரே தெரியாம காவல் காக்கிறியா? உள்ளே போய்க் கேளு."

என் வாயை நினைத்தோ சாவியை நினைத்தோ, உள்ளே விட்டான். வழவழவென்று கூடம். கால் வழுக்கியது. சுவரில் கதவளவு ஒரு படம் மாட்டியிருந்தது. பார்த்தால் அது இவள். ஒரு குழந்தை இடுப்பில், இரண்டு குழந்தை முழங்காலில், பின்னால் யானை. அந்தப் படத்துக்கு நேர் கீழே ஒரு சோபாவில் எங்களை உட்காரச் சொன்னார்கள். சாவியை மடியில் குறுக்கே வைத்துக்கொண்டு மூன்று மணி நேரம் உட்கார்ந்தோம். போகிறவர்கள் வருகிறவர்கள் படத்தைப் பார்த்தார்கள், எங்களையும் பார்த்தார்கள். இரண்டும் ஒரே ஆள் என்று ஒருத்தருக்கும் தோன்றவில்லை.

கடைசியில் வந்தது அந்தக் கணக்கெடுக்கிற பெண். எங்களைக் கண்டதும் ஓடி வந்தது. "ஆயாம்மா! எப்ப வந்தீங்க? யாரும் சொல்லவே இல்லை."

"சி.எஸ். சாரைப் பாக்க வந்தோம்மா. அஞ்சு நிமிஷம் போதும்."

"எந்த சார்?"

"நம்ம சி.எஸ். சார். காப்பகம் வெச்சுக் கொடுத்தாரே."

அந்தப் பெண் கொஞ்ச நேரம் புரியாமல் பார்த்தது. பிறகு புரிந்தது. சிரிப்பு வரப்போன உதட்டை அப்படியே கடித்துக்கொண்டது. சிரிக்காமல் விட்டதற்காக அந்தப் பெண்ணை நான் இன்றைக்கும் மனசுக்குள் வாழ்த்துகிறேன். அது தரையில் எங்கள் காலடியில் உட்கார்ந்துகொண்டது.

"ஆயாம்மா, அது ஆள் இல்லை. சி, எஸ், ஆர். மூணு எழுத்து. கம்பெனி வர்ற லாபத்துல ஒரு பங்கை ஊருக்கு நல்லது செய்யணும்னு ஒரு ஏற்பாடு. அந்த ஏற்பாட்டுக்கு அப்படிப் பேரு."

"எழுத்தா?"

"ஆமா."

"மூணு எழுத்துல ஒண்ணாவது ஆளா இருக்காதாம்மா?"

நான் கேட்டேன்: "சரி, ஆளில்லை. அப்ப நிறுத்துன்னு சொன்னது யாரு? எழுத்தா எழுந்து வந்து சொல்லிச்சு?"

"யாரும் நிறுத்துன்னு சொல்லலை பாட்டி. அஞ்சு வருஷத் திட்டம். முடிவுல ஒரு மதிப்பீடு. எங்க குறை இருக்கோ அங்க ரெண்டு வருஷம் நீட்டிப்பாங்க. குறை இல்லாத இடத்தை மக்கள்கிட்ட ஒப்படைச்சிட்டு வேற இடத்துக்குப் போவாங்க. பதினோரு காப்பகத்துல உங்களுதுதான் முதல் மார்க். ஒரே ஒரு குறைகூட வரலை. நானே சந்தோஷமா எழுதினேன்." அது தலையைக் குனிந்துகொண்டது. "நீங்க ஒண்ணே ஒண்ணு சொல்லியிருக்கலாம். ஒரு தாழ்ப்பாள் இல்லைன்னு சொல்லியிருந்தாக்கூட, தேவை தொடர்கிறதுன்னு போட்டிருப்பேன்."

ஆயாம்மா என்னைப் பார்க்கவில்லை. நானும் அவளைப் பார்க்கவில்லை.

"இப்பச் சொல்றேன் எழுதிக்கோ," என்றேன். "தாழ்ப்பாள் இல்லை. ஆயா ஒருத்திதான். பால் பாதி. யானை மேலே ஒழுகுது. அந்த வாளி கை கழுவறதுக்கு இல்லை. எழுதிக்கோ."

"முடிச்சாச்சு பாட்டி. வேற ஊருக்குத் திட்டம் போயாச்சு. அங்கேயும் குழந்தைங்க இருக்காங்க."

அங்கேயும் குழந்தைகள் இருக்கிறார்கள். அதைப் பொய் என்று எப்படிச் சொல்வது?

"சாவியாவது வெச்சுக்குங்க," என்றாள் இவள்.

"அதை வாங்கிக்க எனக்கு அதிகாரம் இல்லை ஆயாம்மா."

திரும்பி வரும்போது தூறல். அட்டை நனைந்து சாவியின் பல் மடங்கி என் கையோடு வந்தது. அவள் வளையத்தை மட்டும் தூக்கிக்கொண்டு முன்னால் நடந்தாள். சந்துக்குள் நுழைந்ததும் நின்றாள்.

"அக்கா, அஞ்சு வருஷமா ராத்திரி படுக்கும்போது அந்த மனுஷன் நல்லா இருக்கணும்னு வேண்டிக்கிட்டேன்," என்றாள்.

"என்னைச் சொல்ல வெச்சது நீ. சொன்னது நான்," என்றேன். "வாயாடின்னு பேர் எடுத்து என்ன புண்ணியம்? திறக்க வேண்டிய அன்னைக்குத் திறக்கலை."

"நான்தானே கட்டிப்போட்டேன்," என்றாள்.

காப்பகம் பூட்டப்பட்டது. பலகையை யாரும் கழற்றவில்லை, இன்னும் தொங்குகிறது. நாலு குழந்தைகளை அவள் தன் அறையில் வைத்துப் பார்த்தாள். அடுப்பும் கட்டிலும் போக அங்கே நாலு பேர் கால் நீட்டவே இடமில்லை. அவளும் சாப்பிட வேண்டும். துணி துவைத்த வீடுகளில் வேறு ஆள் வந்தாகிவிட்டது. கடைசியில் கம்பெனியின் பின்வாசலுக்கே போய் நின்றாள். கட்டு கட்டத்தான் ஆள் வேண்டும் என்றார்கள். ஏழு வருஷம் கழித்துச் சணல் கயிற்றைக் கையில் எடுத்தாள். முதல் நாள் சாயங்காலம் உள்ளங்கை வெடித்து வந்தாள். நான் எண்ணெய் தடவினேன். கை மறக்கவே இல்லை அக்கா, அதுபாட்டுக்குப் போடுது என்று மட்டும் சொன்னாள்.

அடுத்த வாரம் சந்தில் டப்பா சத்தம் கேட்டது. கடைசி வீட்டில் முதலில். அந்த வீட்டுப் பெண்ணுக்கு இருபது வயது, இரண்டு வயதுப் பையன். ஆயாம்மா வேலைக்குப் போகிற வழியில் அதைக் கேட்டு நின்றாள். நானும் பின்னாலேயே போனேன். உள்ளே பையன் கட்டில் காலடியில், இடுப்பில் துணியோடு உட்கார்ந்திருந்தான். தாய் சங்கு ஊதப்போகிற அவசரத்தில் செருப்பைத் தேடிக்கொண்டிருந்தாள். எங்களைப் பார்த்ததும் அவளுக்கு முகம் செத்துப்போனது.

"நான் என்ன பண்ணட்டும் ஆயாம்மா? நீங்களே சொல்லுங்க. நாலு நாள் லீவு போட்டுட்டேன். இன்னைக்கும் போகலைன்னா வரவே வேண்டாம்னுட்டாங்க."

இவள் கத்துவாள், துணியை அறுத்தெறிவாள் என்று நினைத்தேன். அவள் மண்டியிட்டு உட்கார்ந்தாள். அந்தப் பெண் போட்டிருந்த முடிச்சை விரலால் தடவிப் பார்த்தாள். அவிழ்த்தாள். துணியை அளந்து பாதியாகக் குறைத்தாள், கட்டில் காலைச் சுற்றி வர எட்டாதபடி. பிறகு வேறு ஒரு முடிச்சைப் போட்டாள். நான் அதுவரை பார்க்காத முடிச்சு. ஒரு முனையைக் குழந்தை கைக்கு எட்டாமல் மெத்தை மேலே எடுத்து விட்டாள். துணியை எந்தப் பக்கம் இழுத்தாலும் அது இறுகவில்லை. அந்த முனையை இழுத்தால் மட்டும் மொத்தமும் அவிழ்ந்து விழுந்தது.

"இப்படிக் கட்டும்மா," என்றாள் அந்தப் பெண்ணிடம். "கட்டாதேன்னு சொல்ல எனக்கு வாயில்லை. இப்படிக் கட்டு."

அன்று அவள் வேலைக்குத் தாமதமாகப் போய்த் திட்டு வாங்கினாள். மறுநாளிலிருந்து ஏழு மணிக்கே கிளம்பி வீடு வீடாகப் போகிறாள். பதினாறு வீடு. ஒவ்வொரு வீட்டிலும் முடிச்சைத் தொட்டுப் பார்த்து, தப்பாக இருந்தால் அவிழ்த்து மாற்றிப் போட்டுவிட்டு, குழந்தையின் தலையைத் தொட்டுவிட்டு அடுத்த வீடு. எட்டு மணிக்குச் சங்கு. அதன் பிறகு ஐந்தரை வரைக்கும் என் பொறுப்பு. தாய்மார் கதவைப் பூட்டாமல் சாத்திவிட்டுப் போக வேண்டும் என்பது அவள் போட்ட சட்டம். நான் முழங்காலைத் தேய்த்துக்கொண்டு எழுந்து காலையில் மூன்று தடவை, மதியத்துக்கு மேல் நாலு தடவை சந்தை ஒரு சுற்று வருகிறேன். டப்பா சத்தம் நின்ற வீட்டுக்கு முதலில் போவேன்.

அந்த முடிச்சை எனக்கும் அவள்தான் கற்றுக்கொடுத்தாள், ஒரு ஞாயிற்றுக்கிழமை, தன் வீட்டுக் கட்டிலில். பழைய கட்டில்தான், மாற்றவில்லை. அதே காலில் துணியைக் கட்டினாள்.

"இந்த முனை அக்கா. இழுங்க."

இழுத்தேன். வந்தது.

"இன்னொரு தடவை. அவசரத்துல கை நடுங்கும், நடுங்கினாலும் வரணும். கையை நடுக்கிட்டே இழுங்க."

எனக்கு நடுக்க வேண்டிய அவசியமே இல்லை, கை தானாகவே நடுங்கியது. இழுத்தேன். வந்தது. மறுபடி கட்டினாள். பத்துத் தடவை கட்டினாள், பத்துத் தடவையும் நான் இழுத்தேன். பத்தாவது தடவை துணி அவிழ்ந்து தரையில் விழுந்ததும் அவள் அதை எடுக்கவில்லை. கட்டில் காலைப் பிடித்துக்கொண்டு பார்த்துக்கொண்டே இருந்தாள்.

"அன்னைக்கே இது எனக்குத் தெரியும்க்கா," என்றாள். "லாரியில சீக்கிரம் இறக்கணும்கிற சரக்குக்குப் போடற முடிச்சு. குழந்தை அவிழ்த்துக்குமோன்னு பயந்துதான் இதை விட்டுட்டு அந்த இறுக்கு முடிச்சைப் போட்டேன்."

நான் குனிந்து துணியை எடுத்து மடித்து அவள் மடியில் வைத்தேன்.